நியூ வேகஸில் யார் பக்கம் நிற்பது: கர்மா, நற்பெயர், அணிகள் கேட்கும் விலை

கேள்வி இது: ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ் முதன்முறை ஆடுகிறேன். கர்மா உச்சத்தில் இருக்கிறது, ஆனாலும் என்சிஆர் முகாமில் என்னைக் கண்டதும் சுடுகிறார்கள். ஏன்? எந்த அணியோடு போனால் மனசாட்சிக்கு ஒத்துவரும்? ஒன்றில் சேர்ந்தால் மற்றவை எப்போது மூடிக்கொள்ளும்?’

மூன்றும் பின்னிப் பிணைந்த கேள்விகள். அணுப்போருக்குப் பிந்தைய பாலைவனத்தில் நடக்கும் கணினி விளையாட்டு இது. ஹூவர் அணைக்காகவும் வேகஸுக்காகவும் என்சிஆர் என்ற குடியரசும், சீசரின் லீஜன் என்ற படையும், வேகஸை ஆளும் மிஸ்டர் ஹவுஸும் மோதுகிறார்கள். யாரோடும் சேராமல் சுதந்திர வேகஸை உருவாக்குவது நான்காவது வழி. முடிவுவரை கதையைத் தொட்டுத்தான் பதில் சொல்ல முடியும். கதை தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் ஆடி முடித்துவிட்டு வாசியுங்கள்.

முதலில் கர்மாவை, அதாவது உங்கள் நன்மை தீமையை ஆட்டம் எண்ணும் புள்ளியை, மறந்துவிடுங்கள். 2010-இல் அப்சிடியன் என்டர்டெயின்மென்ட் உருவாக்கிய இந்த ஆட்டத்தில் கர்மா ஏறக்குறைய ஒப்புக்குத்தான் இருக்கிறது. ஃபீண்ட் கும்பலைச் சுட்டால் ஏறும், கதிர்வீச்சால் உருக்குலைந்து அறிவிழந்த கூல்களைச் சுட்டாலும் ஏறும். மேற்கு வேகஸைச் சுற்றி நடந்தாலே நீங்கள் மகானாகிவிடலாம். லீஜன் முகாமில் ஒரு பெட்டியைத் திறந்து பொருளை எடுத்தால் அதே கர்மா இறங்கும், அது அடிமை வியாபாரிகளின் பெட்டி என்பதை ஆட்டம் கணக்கில் கொள்வதில்லை. கர்மா மிகவும் கெட்டால் உங்களோடு துணையாக வரும் காஸ் உங்களைவிட்டுப் போய்விடுவார். இன்னும் சில வசனங்கள் மாறும். அதற்குமேல் அதற்கு வேலையில்லை.

உங்களை யார் வரவேற்பது, யார் சுடுவது என்பதைத் தீர்மானிப்பது நற்பெயர் முறைதான். இங்கே பலருக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. ஒவ்வோர் அணியிடமும் உங்களுக்கு இரண்டு தனித்தனி கணக்குகள் இருக்கின்றன: புகழ் ஒன்று, அவப்பெயர் ஒன்று. ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. பத்து என்சிஆர் வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டு இரண்டு காவலர்களைச் சுட்டால், புகழ் அப்படியே இருக்கும், அவப்பெயரும் அப்படியே இருக்கும். இரண்டும் சேர்ந்து உங்களுக்கு ஒரு பட்டத்தைக் கொடுக்கும். இரண்டுமே உச்சத்தில் இருந்தால் ‘வைல்ட் சைல்ட்’ என்பார்கள். புகழ் மட்டும் உயர்ந்தால் ‘ஐடலைஸ்டு’, அவப்பெயர் மட்டும் உயர்ந்தால் ‘விலிஃபைடு’. கையில் கட்டியிருக்கும் பிப்-பாய் கருவியில் இந்தப் பட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள், கர்மாவைவிட இதுதான் உங்கள் உண்மை நிலை.

ஆக, நல்லது செய்து பாவத்தைக் கழுவும் வழி இந்த ஆட்டத்தில் கிடையாது. இந்த முறையின் ஆகச் சிறந்த விஷயம் இதுவென்றே நினைக்கிறேன். ஓர் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் அதே ஊரில் ஒருவரைக் கொன்றால், ஊர் இரண்டையும் நினைவில் வைத்திருக்கும்.

அளவும் அணிக்கு அணி மாறும். குட்ஸ்பிரிங்ஸ் போன்ற சிறிய ஊரில் ஒரு வேலையே பெரும்புகழைத் தந்துவிடும். என்சிஆர் போன்ற பெரிய அணியிடம் அதே உயரத்துக்குப் போக வெகுதூரம் நடக்க வேண்டும்.

உங்களைச் சுடுவதற்குக் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று. ஒன்று, எங்கோ ஒரு சண்டையில் உங்கள் குண்டு என்சிஆர் வீரர்மேல் பட்டிருக்கும். இரண்டு, லீஜன் உடையையோ பவுடர் கேங்கர் என்ற சிறைக்கைதிக் கும்பலின் உடையையோ கழற்ற மறந்திருப்பீர்கள். அணி உடை அணிந்திருக்கும்வரை ஆட்டம் உங்களை அந்த அணியின் ஆளாகவே பார்க்கிறது. வேடம் போட்டு எதிரி முகாமுக்குள் நுழைய இது உதவும், ஆனால் சொந்த முகாமுக்குத் திரும்பும்போது அதே உடை ஆளைக் கொல்லும். எதிரி முகாமிலும் எல்லோரும் ஏமாறமாட்டார்கள். சில அதிகாரிகளும் காவல் நாய்களும் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று, எல் டொராடோ மின்நிலையம் போன்ற ஓரிடத்தில் பேசிக் கடக்க வேண்டியதைச் சுட்டுக் கடந்திருப்பீர்கள். எந்த அணியின் ஆளையும் யார் கண்ணிலும் படாமல் பதுங்கியிருந்து கொன்றால் பெரும்பாலும் அவப்பெயர் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறத்துக்கு அது உதவாது, கணக்குக்கு உதவும்.

பழைய கணக்கு அழியும் வாய்ப்பு இரண்டு பெரிய அணிகளிடமும் ஒரே ஒரு முறை கிடைக்கிறது. வேகஸின் சூதாட்டத் தெருவான ஸ்டிரிப்பில், டாப்ஸ் விடுதிக்குள் உங்களைத் தொடக்கத்தில் சுட்டுப்போட்ட பென்னியின் விவகாரம் முடிந்து வெளியே வந்தால், லீஜனின் வல்பிஸ் இன்குல்டா எதிரே வந்து சீசரின் முத்திரையைக் கொடுப்பான். அந்தக் கணத்தில் லீஜனிடம் உங்களுக்கிருந்த அவப்பெயர் முழுவதும் அழியும். நிப்டன் ஊரில் வல்பிஸை ஏற்கனவே கொன்றிருந்தால் அவனுக்குப் பதில் அலேரியோ வருவான், மன்னிப்பு அதேதான். ஹவுஸின் லக்கி 38 விடுதியிலிருந்து வெளியே வரும்போது என்சிஆர் தூதர் அலுவலகத்தின் ஆள் வந்து அதேபோல் மன்னிப்பு சொல்வார். ஆகவே ஸ்டிரிப்புக்குப் போவதற்கு முன் நடந்ததைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிப்டனில் எரிந்துகொண்டிருக்கும் தெருவையும் சிலுவைகளில் தொங்கும் ஆட்களையும் பார்த்துவிட்டு லீஜனைச் சுடத் தோன்றினால் சுடுங்கள். கதை அதனால் கெடாது. மன்னிப்புக்குப் பிறகு செய்வதுதான் நிலைத்து நிற்கும். அதற்குப்பின் அவப்பெயர் எல்லை மீறினால் லீஜன் கொலைப்படையோ என்சிஆர் ரேஞ்சர்களோ உங்களைத் தேடி வருவார்கள். அவர்கள் நல்ல ஆயுதங்களோடு வருவதால் ஆரம்ப நிலைகளில் சமாளிப்பது கடினம்.

தொடக்கத்தில் குட்ஸ்பிரிங்ஸ். ஜோ காப் தலைமையிலான பவுடர் கேங்கர்கள் அங்கே ஒளிந்திருக்கும் வியாபாரி ரிங்கோவைக் கேட்டு ஊரை மிரட்டுகிறார்கள். ஊர்ப்பக்கம் நின்றால் சன்னி ஸ்மைல்ஸ் உடன் வருவாள். ட்ரூடியைப் பேச்சுத்திறன் 25-ஆலும், செட்டை பேரத்திறன் 25-ஆலும், ஈஸி பீட்டை வெடிபொருள் 25-ஆலும் சண்டைக்கு இழுக்கலாம். முதல் நிலையில் எல்லாத் திறனும் 25-ஐத் தொடாது, எதை உயர்த்தினீர்களோ அதற்கேற்ற ஆள் கிடைப்பார். ஊரைக் காப்பாற்றினால் பவுடர் கேங்கர்களிடம் அவப்பெயர் சேரும். அவர்கள் கையிலிருக்கும் சிறைச்சாலைக்குள் அமைதியாகப் போவது அதன்பின் கடினம். இழப்பு பெரிதில்லை. ஆனால் ஆட்டத்தின் இலக்கணம் இங்கேயே தெரிந்துவிடுகிறது: யாரையும் பகைக்காமல் யாருக்கும் உதவ முடியாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த அணி நல்ல அணி என்று கேட்டால் பதில் கிடைக்காது. நான்கு வழிகளிலும் ஒரு கட்டத்தில் உங்களிடம் ஒரு கட்டளை வரும். அந்தக் கட்டளைகளில் எதை உங்களால் நிறைவேற்ற முடியாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அணி தானாகத் தெரிந்துவிடும். இதைச் சோதிக்க ஆட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது: ஹிட்டன் வேலியில் பூமிக்கடியில் ஒளிந்திருக்கும் பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல்.

இவர்கள் பழைய உலகின் ஆயுதத் தொழில்நுட்பத்தைப் பிறர் கையில் விடக்கூடாது என்று பதுக்கிவைப்பவர்கள். ஹீலியோஸ் ஒன் மின்நிலையத்தில் என்சிஆரிடம் தோற்று, எஞ்சியவர்கள் பங்கருக்குள் அடைந்திருக்கிறார்கள். உள்ளே எழுத்தர்கள், பயிற்சி மாணவர்கள், அன்றாட வாழ்க்கை எல்லாம் இருக்கின்றன. உங்களோடு துணையாக வரக்கூடிய வெரோனிகா இங்கேதான் வளர்ந்தவள். மிஸ்டர் ஹவுஸ் இவர்களை அழிக்கச் சொல்கிறார். சீசரும் அழிக்கச் சொல்கிறான். என்சிஆர் தரப்பில் ஹூவர் அணையில் இருக்கும் கர்னல் மூரும் அழிக்கத்தான் சொல்கிறார். மூன்று பேரும் வெவ்வேறு காரணங்களோடு ஒரே இடத்துக்கு வருகிறார்கள். யார் கட்டளையை எப்படி மறுக்கலாம் என்பதில்தான் அவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு தெரிகிறது.

ஹவுஸிடம் மாற்று வழியே இல்லை. எவ்வளவு பேச்சுத்திறன் இருந்தாலும் அவர் இறங்கமாட்டார். தன் ரோபோக்களுக்கு எதிராக நிற்கக்கூடியவர்கள் இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. சீசரிடமும் அப்படித்தான். என்சிஆர் வழியில் மட்டும் ஓர் உடன்படிக்கை சாத்தியம், அதற்கு முன்கூட்டியே வேலை செய்திருக்க வேண்டும்.

அந்த வேலையின் பெயர் ‘ஸ்டில் இன் த டார்க்’. முதன்முறை பங்கருக்குள் தனியாகப் போனால் கழுத்தில் வெடிபட்டை மாட்டிவிடுவார்கள், ஆயுதங்களைப் பறித்துக்கொள்வார்கள். வெரோனிகாவோடு போனால் அந்தத் தொல்லை இல்லை, அவளை 188 வணிகச் சந்திப்பில் சேர்த்துக்கொண்டு பிறகு ஹிட்டன் வேலிக்குப் போங்கள். அவர்களின் தலைவர், எல்டர் மெக்நமாரா, வேலைகளைக் கொடுப்பார்: காணாமல்போன ரோந்துக் குழுக்களைத் தேடுவது, ஒற்றர்களின் அறிக்கைகளைக் கொண்டுவருவது. கடைசியில் பங்கரின் காற்று வடிகட்டும் அமைப்புக்கு உதிரிபாகங்கள் வேண்டும். அவை மூன்று வால்ட்களில், அதாவது பழைய நிலத்தடிக் காப்பிடங்களில், சிதறிக் கிடக்கின்றன. வால்ட் 3-இல் வடிகட்டிகள், வால்ட் 11-இல் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவிகள், வால்ட் 22-இல் தூசு நீக்கும் பாகங்கள். வால்ட் 3 ஃபீண்ட்கள் கையில் இருக்கிறது. வால்ட் 22-இல் செடிகொடி மண்டிய இருட்டில் ஸ்போர் பூஞ்சை பிடித்தவர்கள் பதுங்கியிருந்து பாய்வார்கள். நிலை 12 அளவிலாவது, கைவசம் நல்ல ஷாட்கன் இருந்தால் போங்கள்.

இடையில் ஹார்டின் என்ற பாலடின் (பிரதர்ஹுட்டின் போர்வீரர்) உங்களை அணுகி, மெக்நமாராவைப் பதவியிலிருந்து இறக்க உதவி கேட்பார். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். மெக்நமாரா கதவைப் பூட்டிவிட்டுப் பதுங்கியிருக்கும் கோழையாகத் தெரிவார், ஹார்டின் துணிச்சல்காரராகத் தெரிவார். ஹார்டின் எல்டர் ஆனால் என்சிஆரோடு உடன்படிக்கை கிடைக்காது. மெக்நமாராவைப் பதவியில் விட்டுவைத்து உதிரிபாகங்களைக் கொடுத்தால், பிற்பாடு மூரின் கட்டளை வரும்போது அவரிடம் போய்ப் பேசலாம். அவர் சம்மதிப்பார். மூர் முகம் சுளிப்பார், ஆனால் உடன்படிக்கை நிற்கும். அணைப் போரில் பவர் ஆர்மர் அணிந்த பாலடின்கள் உங்கள் பக்கம் வந்து நிற்பார்கள்.

காப்பாற்றினாலும் விலை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். யாரோடும் சேராத சுதந்திர முடிவில் பிரதர்ஹுட் உயிரோடிருந்தால், அவர்கள் வெளியே வந்து சாலைகளில் பயணிகளை மறித்து, தங்களுக்கு ஏற்காத தொழில்நுட்பத்தைப் பறிக்கிறார்கள். வெரோனிகாவின் சொந்த வேலையை முடித்து, அவள் பிரதர்ஹுட்டை விட்டு விலகி, ஏழைகளுக்கு மருத்துவம் பார்க்கும் ஃபாலோயர்ஸ் என்ற குழுவிடம் போக முடிவெடுத்தால், அவளைத் துரத்திவரும் பாலடின்கள் அந்த ஃபாலோயர்ஸ் முகாமிலிருந்த மருத்துவர்களையே கொன்றுவிடுகிறார்கள். ஆக ஹவுஸும் மூரும் சொல்லும் காரணம் பொய்யல்ல. அந்தக் காரணம் உண்மை என்று தெரிந்தும், ஒரு பங்கர் முழுக்க ஆட்களைப் புதைப்பதா என்பதுதான் கேள்வி. என் பதில் ‘கூடாது’. அந்தப் பதிலோடு ஆடினால் ஹவுஸ் வழியும் சீசர் வழியும் மூடிவிடுகின்றன. என்சிஆரும் சுதந்திரமும் மிஞ்சும். உங்கள் பதில் வேறாக இருக்கலாம். அப்படியிருந்தால் வெரோனிகா உங்களோடு இருக்கமாட்டாள்.

நான்கு தரப்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் அநியாயமாகிவிடும், இருந்தாலும் சொல்லவேண்டியது இருக்கிறது.

என்சிஆர் சட்டம், தேர்தல், இராணுவம் என எல்லாம் உள்ள குடியரசு. கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே கைநீட்டி, தாங்க முடியாத தூரத்துக்கு வந்துவிட்டது. வீரர்களுக்கு ஆயுதம் போதவில்லை, குடியானவர்களுக்கு வரியும் தண்ணீர்ப் பங்கும் சுமையாகிவிட்டன. இந்தச் சோர்வை முழுதாக உணரவேண்டும் என்றால் கேம்ப் கோல்ஃபில் தலைமை ரேஞ்சர் ஹான்லனிடம் போங்கள். ‘ரிட்டர்ன் டு செண்டர்’ வேலையில் ரேஞ்சர் நிலையங்களின் உளவு அறிக்கைகள் திரிக்கப்படுவதைத் துப்பறிவீர்கள். திரிப்பவர் ஹான்லனேதான். தோற்கப்போகும் போரில் இளைஞர்களைச் சாகவிடாமல், பயமுறுத்தும் அறிக்கைகளால் குடியரசைப் பின்வாங்கச் செய்ய நினைக்கிறார். அவரை அம்பலப்படுத்தலாம், தடுத்து நிறுத்தலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். என்சிஆர் பக்கம் நிற்கப்போகிறவர் கட்டாயம் இந்த வேலையைச் செய்யவேண்டும். ஏனென்றால் என்சிஆரை நேசிக்கும் ஒருவரே அதற்கு எதிராக வேலை செய்கிறார் என்பதைச் சந்திக்காமல் அந்தக் கொடியைத் தூக்கக்கூடாது.

லீஜன் 86 பழங்குடிகளை அடக்கி, ரோமாபுரியின் பெயர்களைப் பூசிக் கட்டப்பட்ட அடிமை இராணுவம். அதன் பகுதியில் சாலைகள் பாதுகாப்பாக இருக்கின்றன என்று லீஜனின் தலைமை முகாமான ஃபோர்ட்டில் கடைபோட்டிருக்கும் வியாபாரி டேல் பார்ட்டன் சொல்வது உண்மைதான். அந்தப் பாதுகாப்பு யார் முதுகில் நிற்கிறது என்பதை அதே முகாமிலேயே நேரில் பார்க்கலாம். சீசரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரு காலத்தில் ஃபாலோயர்ஸில் இருந்த, படித்த மனிதன். என்சிஆரைப் பற்றிய அவன் விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. பேசியபிறகும் அவன் பக்கம் சேர விருப்பமில்லை என்றால், ஏன் என்பதை உங்களால் தெளிவாகச் சொல்ல முடியும். லீஜன் வழியில் வேலைகளும் ஊர்களும் மற்ற வழிகளைவிடக் குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஆட்டத்துக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை.

ஹவுஸ் 2077 அணுப்போரில் வேகஸைக் காப்பாற்றியவர். நகரை நோக்கி வந்த 77 ஏவுகணைகளில் பெரும்பாலானவற்றைச் செயலிழக்கச் செய்தார். ஐம்பது ஆண்டில் மனிதரை விண்ணுக்கும், நூறு ஆண்டில் வேற்றுக் கோள்களுக்கும் அனுப்புவேன் என்கிறார். அந்தப் பேச்சு வெற்றுப் பெருமை அல்ல. ஆனால் ஸ்டிரிப்பின் வாயிற்கதவுக்கு வெளியே ஃப்ரீசைடில் பசியோடு இருப்பவர்கள் அந்தத் திட்டத்தில் எங்குமே வரமாட்டார்கள். அவரிடம் நேரே கேளுங்கள், பதிலை மறைக்கமாட்டார்.

யெஸ் மேன் வழிதான் சுதந்திர வேகஸ். பென்னியின் அறைக்குப் பின்னால் இருக்கும் இந்த ரோபோ எதற்கும் ‘சரி’ சொல்லும். அதை அழித்தாலும் வேறொரு செக்யூரிட்ரான் (காவல் ரோபோ) உடலில் திரும்பி வரும். ஆகவே எல்லா அணிகளோடும் பகைத்துக்கொண்டாலும் கதை நின்றுபோகாது, இந்த வழி எப்போதும் திறந்திருக்கும். ஆனால் ‘யாருக்கும் அடிமையில்லை’ என்பது தானாக நல்ல முடிவு தராது. ஃபோர்ட்டுக்குக் கீழே இருக்கும் செக்யூரிட்ரான் படையை மேம்படுத்தினீர்களா, அழித்தீர்களா என்பதைப் பொறுத்து முடிவு ஒழுங்காகவும் இருக்கலாம், கட்டுக்கடங்காத கலவரமாகவும் இருக்கலாம். இந்த முடிவை விரும்புகிறவர் அந்தப் படையை வைத்துக்கொள்ள வேண்டும். ஆயுதமில்லாத சுதந்திரத்தை இந்த ஆட்டம் நம்பவில்லை. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, ஆனால் விதி அதுதான்.

அந்தப் படை தொடர்பாக ஒரு நுட்பம். சீசரின் முத்திரையோடு காட்டன்வுட் கோவ் என்ற லீஜன் படகுத்துறையிலிருந்து படகில் ஃபோர்ட்டுக்குப் போவீர்கள். வாசலில் ஆயுதங்களை வாங்கிக்கொள்வார்கள், ஒளித்துவைக்கத் தகுந்த சிறியவை மட்டும் தப்பும். அந்தப் படையை மேம்படுத்தும் சாவியான பிளாட்டினம் சில்லைச் சீசர் திருப்பிக் கொடுத்து, கீழே உள்ள பங்கரை அழிக்கச் சொல்வான். அழிக்காமல் படையை மேம்படுத்தினாலும் மேலே நிலம் அதிரும். சீசர் அதையே அழிவு என்று நம்பிவிடுவான். அதாவது ஹவுஸுக்கோ உங்களுக்கோ படையை எழுப்பிவிட்டு, சீசரின் நம்பிக்கையையும் கெடுக்காமல் வெளியே வரலாம். அதே இடத்தில் சிறைப்பட்ட பென்னியின் முடிவையும் உங்களிடமே விடுவான்: சிலுவை, அரங்கில் சண்டை, கொலை, அல்லது ரகசியமாகத் தப்பவிடுதல். இந்தப் பயணத்தில் பூன் (Boone) என்ற துணையாளை அழைத்துப் போகாதீர்கள். லீஜனைக் கண்டாலே அவன் துப்பாக்கி எழுந்துவிடும், படகுத்துறையிலேயே எல்லாம் கெட்டுவிடும். இன்னொரு துணையாளான ஆர்கேடுக்கும் லீஜன் ஆகாது. நீங்கள் சீசருக்காக வேலை செய்தால் போய்விடுவான்.

எப்போது எது மூடும்? முதல் சில பொதுவான வேலைகளை எல்லோருக்கும் செய்யலாம். நெல்லிஸ் விமானத் தளத்தில் பீரங்கிகளோடு வாழும் பூமர்கள் என்ற கூட்டத்தைத் தன்பக்கம் கொண்டுவருவது எல்லாத் தரப்புக்கும் வேண்டும், ஆகவே லேக் மீட் அடியிலிருந்து பழைய குண்டுவீச்சு விமானத்தை எழுப்பும் ‘வொலாரே’ வேலையை எந்தத் தயக்கமும் இல்லாமல் முன்பே முடித்துவிடுங்கள். ஸ்டிரிப்பில் சூதாட்ட விடுதி நடத்தும் ஒமெர்தா கும்பலின் சதியை விசாரிப்பதும் அப்படித்தான், லீஜன் வழியைத் தவிர. ஹவுஸைக் கொன்றாலோ அவரை அவருடைய கருவிகளிலிருந்து துண்டித்தாலோ அந்த வழி உடனே மூடும். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் அறையைத் திறப்பதற்கு முன் தனிச் சேமிப்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். என்சிஆருக்காக வெகுதூரம் போனால் ‘பிவேர் த ராத் ஆஃப் சீசர்’ என்ற எச்சரிக்கையும், மறுபுறம் போனால் ‘டோன்ட் ட்ரெட் ஆன் த பேர்’ என்ற எச்சரிக்கையும் பிப்-பாயில் தோன்றும். அவை தோன்றியதும் அடுத்த அடி வைக்கும்முன் நின்று யோசியுங்கள். மன்னிப்பு இரண்டாம் முறை வராது.

என்சிஆர் அதிபர் கிம்பல் அணைக்கு வரும் நாள் கடைசி வாசல். என்சிஆருக்கும் ஹவுஸுக்கும் அவரைக் காப்பாற்ற வேண்டும், லீஜனுக்குக் கொல்ல வேண்டும். அதற்குப்பின் அணைப் போர்தான். போர் முடிந்ததும் ஆட்டம் முடிந்துவிடும், திரும்பி வந்து ஊர் சுற்ற முடியாது. ஆகவே ‘டெட் மணி’ முதலான நான்கு விரிவாக்கங்களையும் அதற்கு முன்பே ஆடிவிட வேண்டும். ‘லோன்சம் ரோடு’ முடிவில் அணுஏவுகணையை என்சிஆர்மீதோ லீஜன்மீதோ ஏவும் வாய்ப்பு வரும். ஏவினால் அந்த அணியிடம் அவப்பெயர் வானத்தைத் தொடும், கடைசிக் கட்டத்தில் அது பெரிய தொல்லை. ஏவாமலும் இருக்கலாம்.

பெரிய அணிகளைப் பற்றி இவ்வளவு பேசினாலும், அறத்தின் கனம் சிறிய வேலைகளில்தான் அதிகம். முடிவுக் காட்சிகளிலும் ஊர் ஊராகத்தான் கதை சொல்லப்படுகிறது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

வால்ட் 34-இன் உடைந்த அணுஉலை, பக்கத்தில் என்சிஆர் குத்தகைப் பண்ணைகளின் தண்ணீரில் கதிர்வீச்சைக் கலக்கிறது. அதே வால்ட்டின் ஆழத்தில் சிலர் சிக்கியிருக்கிறார்கள். உலையை மூடினால் பண்ணைகள் பிழைக்கும், உள்ளே இருப்பவர்கள் சாவார்கள். உலையை ஓடவிட்டுக் கதவைத் திறந்தால் அவர்கள் வெளியே வருவார்கள், பண்ணைகள் அழியும். மூன்றாவது வழி இல்லை, எந்தத் திறன் உயர்ந்திருந்தாலும் இல்லை. ஆட்டம் முழுவதும் பேச்சுத்திறனால் எல்லோரையும் காப்பாற்றிப் பழகியவருக்கு இந்த இடம் கடுமையானது. இந்த வேலைக்கு கதிர்வீச்சு எதிர்ப்பு உடையும், ரேட்-எக்ஸ், ரேட்அவே மருந்துகளும் தாராளமாக வேண்டும். உலை அறைக்கு முன்பே உடல் தளர்ந்துவிடும், அவசரத்தில் முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது, ‘த வைட் வாஷ்’. கார்ப்பொரல் வைட் என்ற என்சிஆர் வீரர் காணாமல் போகிறார். தேடிப்போனால், பண்ணைகளுக்குப் போகவேண்டிய தண்ணீர் திருட்டுத்தனமாக வெஸ்ட்சைட் ஏழைகளுக்குத் திருப்பிவிடப்படுவதும், அதைக் கண்டுபிடித்த வைட்டை ஃபாலோயர்ஸைச் சேர்ந்த டாம் ஆண்டர்சன் கொன்றதும் தெரியவரும். திருட்டுக்குப் பின்னால் நல்ல நோக்கம் இருக்கிறது, கொலையும் இருக்கிறது. ஆண்டர்சனைச் சரணடையச் செய்யலாம், அல்லது பழியை ஒரு கும்பல்மேல் போட்டு மூடிவிடலாம். தண்ணீர் தொடர்ந்து ஓடட்டும், கொலைக்கு ஆண்டர்சன் பதில் சொல்லட்டும் என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியிருக்கிறது. அதைத்தான் தேடுங்கள். பண்ணை முகாமில் பேசிவிட்டு முடிவெடுப்பதற்குமுன் வெஸ்ட்சைடிலும் போய்ப் பேசுங்கள், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிக்க ஆட்டம் அனுமதிக்கும் என்பதால் பலர் அப்படியே முடித்துவிடுகிறார்கள்.

இந்த வேலைகளுக்கெல்லாம் தேவையானது பேச்சுத்திறன். ஃபால்அவுட் 3-இல் அதிர்ஷ்டம் கலந்திருந்தது. இங்கே எண்தான்: 50 கேட்டால் 50 இருக்கவேண்டும், 49 இருந்தால் தோல்வி நிச்சயம். குறைவாக இருந்தால் ‘மீட்டிங் பீப்பிள்’ இதழைப் படித்துச் சிறிது நேரத்துக்கு 10 புள்ளி ஏற்றலாம். ‘காம்ப்ரிஹென்ஷன்’ என்ற பெர்க் (சிறப்புத் திறன்) எடுத்திருந்தால் அது 20 ஆகும். இதழ்களை விற்றுவிடாமல் சேர்த்து வையுங்கள்.

அதிகம் தேவைப்படும் இடம் அணையின் மறுகரையில், லீஜனின் தளபதியான லீகேட் லேனியஸ் முன்னால். லீஜனுக்கு எதிரான எந்த வழியில் வந்தாலும் கடைசியில் அவன் எதிரே நிற்கிறான். பேச்சுத்திறன் 100 அல்லது பேரத்திறன் 100 இருந்தால் ஒரு குண்டும் சுடாமல் அவனைத் திரும்பிப் போகச் செய்யலாம். அணையை வென்றாலும் மேற்கே அதைத் தக்கவைக்க ஆளும் உணவும் எங்கிருந்து வரும் என்று அவனிடம் கேட்கிறீர்கள், என்சிஆர் அதே தவற்றால் சோர்ந்துபோனதைக் காட்டுகிறீர்கள். ஹான்லன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டவருக்கு அந்த வாதம் முன்பே பழக்கமானது. வாக்கியங்களில் ஒன்றிலும் அவசரப்பட வேண்டாம், தவறான பதிலுக்கு அவன் வாளை எடுத்துவிடுவான். அவனிடம் பேசத் தொடங்குவதற்கு முன் சேமித்துக்கொள்ளுங்கள், இதழைப் படித்துவிட்டு உடனே பேச்சைத் தொடங்குங்கள், அதன் பலன் சிறிது நேரமே நிற்கும்.